சுரங்கத்துக்குக் கீழ்ப்புறத்து மீன்கள்: வைக்கவேண்டிய மூன்று கணக்குகள்

ஏரியில் வளரும் மீனை உபரி வருமானம் என்றே நம்மில் பலர் எண்ணிவருகிறோம். பாசனம் முதன்மையானது; கால்நடைகளுக்குக் குடிதண்ணீர் அடுத்தது; ஜலம் வற்றும் காலத்தில் மீன்பாசிக் குத்தகையால் ஊருக்குச் சிறிது பணம் கிடைக்குமாயின் அது லாபம் என்பதே பொதுவான கருத்து. ஆனால் மீனால் மற்றொரு பிரயோஜனமும் உண்டு. அது இரவும் பகலும் ஜலத்திலேயே இருந்து, ஜலத்தையே சுவாசித்து, ஜலத்தில் விளைவதையே தின்று வளரும் பிராணி. ஆகையால் ஜலத்துக்கு ஏற்படும் கேடு, மனிதனுக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் புலனாவதற்கு முன்னரே பெரும்பாலும் மீனிடத்தில் தோன்றிவிடுகிறது.

நிலக்கரிச் சுரங்கம், உலோகச் சுரங்கம், கல் குவாரி முதலியவற்றுக்குக் கீழ்ப்புறமாக ஏரியோ ஓடையோ அமைந்துள்ள கிராமத்தார் இவ்விஷயத்தை ஊன்றிக் கவனிக்கவேண்டும். "தண்ணீரைப் பரீட்சை செய்தாயிற்று, அளவுக்கு உட்பட்டே இருக்கிறது" என்ற ஒரு விடை கிடைத்தவுடன் திருப்தியடைந்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. அந்த விடை மட்டும் போதாது. ஜலக் கணக்கு, வாழிடக் கணக்கு, மீன் கணக்கு என்னும் மூன்றையும் சேர்த்து வைத்து, சேர்த்தே படிக்கவேண்டும். அம்மூன்றையும் சுரங்கம் தொடங்குவதற்கு முன்பே திறக்கவேண்டும். இதன் காரணத்தைக் கானடாவிலும் அமெரிக்காவிலும் கண்ட அநுபவத்தைக்கொண்டு இங்கு விளக்குவோம்.

சுரங்கத்தால் ஜலத்துக்கு நேரும் மாறுதல்கள்

பூமியினுள் ஆழப் புதைந்து கிடக்கும் வரையில் பாறையினால் ஜலத்துக்குத் தீங்கில்லை. அதை வெட்டி உடைத்து மேலே குவிக்கும்பொழுது, காற்றும் மழையும் படும் பரப்பு பன்மடங்கு பெருகிவிடுகிறது. கந்தகமும் இரும்பும் கலந்த தாதுப்பொருள் அக்கல்லில் இருந்தால், அது காற்றோடும் ஜலத்தோடும் கூடிக் கந்தக அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடையில் சேரும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த பாறையானால் அமிலம் அடங்கிவிடும். எனினும் வேறு உப்புக்கள் கரைந்து வருவது நிற்பதில்லை. கல் குவாரியிலிருந்து பெரும்பாலும் வருவது நுண்ணிய வண்டல். அது மீனின் செவுளை உறுத்துவதன்றி, அடியில் இடப்பட்ட முட்டைகளின்மேல் படிந்து, அவற்றுக்குக் காற்று எட்டாமல் செய்துவிடும்.

இவையன்றி, ஆழமான சுரங்கத்தில் ஊறும் ஜலத்தை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றுவதால் அருகிலுள்ள ஓடைகளின் ஊற்று குறையலாம். இறைத்த ஜலத்தை விடும் இடத்திலோ, முன்பு கோடையில் வறண்டு கிடந்த ஓடை வருஷம் முழுவதும் ஓடலாம். வரத்துக்கால் திருப்பப்படலாம், மடுக்கள் தூர்ந்துபோகலாம். இவை ஜலத்தின் குணத்தைப் பற்றியவை அல்ல. மீன் குடியிருக்கும் வீட்டைப் பற்றியவை. ஆகையால் புட்டியில் எடுத்த ஜலத்தைப் பரீட்சித்து இவற்றை அறிய இயலாது.

பெரிய மீன்கள் இருந்தன, குஞ்சுகள் இல்லை

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் பெலூஸ் ஏரி என்ற நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்காக அமைக்கப்பட்டது அது. 1974-ஆம் வருஷம் முதல் நிலக்கரிச் சாம்பல் கலந்த ஜலம் அதில் வந்து சேர்ந்தது. சாம்பலோடு செலினியம் என்னும் பொருளும் வந்தது. ஏரி ஜலத்தில் அதன் அளவு லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. ஓர் ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் ஜலம் நிற்பதாகக் கொண்டால், அவ்வளவு ஜலத்திலும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிராம் செலினியமே இருக்கும்.

இவ்வளவு சொற்பமான பொருளால் நேர்ந்த விளைவு யாதெனில், அந்த ஏரியில் இருந்த 20 மீன் இனங்களில் 16 இனங்கள் அடியோடு மறைந்தன. மேலும் 2 இனங்களில் வளர்ந்த மீன்கள் பல வருஷம் உயிரோடு இருந்தன. ஆனால் அவை சந்ததியின்றிக் கிழமாகிக்கொண்டே வந்தன. சாம்பல் ஜலம் 1985-ஆம் வருஷத்தில் நிறுத்தப்பட்டது.

இந்திய நியமங்கள் அமைவனம் குடிதண்ணீருக்கு வகுத்துள்ள விதியில் செலினியத்துக்கு ஏற்கத்தக்க அளவும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது அதே 10 மைக்ரோகிராமே. மனிதன் குடிக்கலாம் என்று குறித்த அளவுள்ள ஜலத்தில் மீன் இனங்கள் சந்ததியற்றுப் போயின. குடிதண்ணீர் விதி தவறானதன்று. அது வேறொரு கேள்விக்கு விடை கூறுகிறது, அவ்வளவே.

இது எவ்வாறு நேர்கிறது எனில், ஜலத்தில் கரைந்துள்ள செலினியத்தை முதலில் பாசி உறிஞ்சித் தன் உடலில் பல்லாயிரம் மடங்கு திரட்டிக்கொள்கிறது. பாசியைப் பூச்சிகளும் நத்தைகளும் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. பெண் மீன் தன் உடலில் சேர்ந்ததைச் சினையின் மஞ்சட்கருவில் சேர்த்துவிடுகிறது. குஞ்சு பொரிந்தபின் அம்மஞ்சட்கருவே அதற்கு முதல் உணவு. அதை உண்டு வளரும் குஞ்சின் முதுகெலும்பு கோணுகிறது. தலையும் தாடையும் உருக்கெடுகின்றன. செவுள் மூடி குறைபட்டுப் போகிறது. அத்தகைய குஞ்சுகள் பிழைப்பது அரிது. தாய் மீனோ கொழுத்து, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். எனவே வலையில் பெரிய மீன் விழுகிறதென்று மகிழ்பவர், உள்ளே நிகழும் கேட்டைச் சில வருஷம் அறியமாட்டார். கிழ மீன்கள் தீர்ந்தபின் ஏரி ஒரேயடியாக வெறுமையாகும்பொழுதுதான் திடுக்கிடுவார்.

இதனாலேயே அமெரிக்கச் சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா 2016-ஆம் வருஷத்தில் வகுத்த செலினிய அளவுகளில், மீனின் சினையில் உள்ள அளவுக்கே முதல் இடம் தந்திருக்கிறது. உலர்த்திய சினையில் கிலோவுக்கு 15.1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. சினை கிடைக்காத இடத்தில் ஜலத்தின் அளவைப் பார்க்கலாம். ஓடும் ஜலத்துக்கு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராமும், தேங்கும் ஜலத்துக்கு 1.5 மைக்ரோகிராமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. தேங்கும் ஜலத்தில் செலினியம் பாசியிலும் அடிச்சேற்றிலும் சேர்ந்து உணவாக மாற அவகாசம் அதிகம். ஆனபடியால் ஆற்றுக்குத் தகும் விதி ஏரிக்குத் தகாது.

எல்க் பள்ளத்தாக்கின் அநுபவம்

கானடாவின் மேற்கிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் எல்க் நதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. எஃகு உருக்குவதற்கு வேண்டிய நிலக்கரி அங்கே மலைகளை வெட்டி எடுக்கப்படுகிறது. வெட்டி ஒதுக்கிய கழிவுக்கல் பள்ளங்களில் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. அதன் வழியே வடியும் மழையும் உருகிய பனியும் செலினியத்தைக் கரைத்துக்கொண்டு ஓடைகளில் சேர்கின்றன. எல்க் நதியின் கிளையாகிய ஃபோர்டிங் நதியின் மேற்பகுதியில், ஓர் அருவிக்கு மேலே, கட்த்ரோட் டிரவுட் என்னும் ஒரே ஒரு மீன் இனமே வாழ்கிறது. நீலகிரி மலையோடைகளில் விடப்பட்டிருக்கும் வானவில் டிரவுட்டுக்கு இது நெருங்கிய இனம்.

அங்கு நிகழ்ந்த மூன்று விஷயங்கள் நமக்குப் பாடமாக உள்ளன.

முதலாவது, அங்கே லைன் கிரீக் என்னும் ஓடையின் ஜலத்தைச் சுத்திசெய்ய ஒரு நிலையம் கட்டப்பட்டது. ஜலத்திலிருந்த செலினியத்தின் மொத்த அளவு குறைந்தது. ஆயினும் ஓடையின் அடியில் வாழும் பூச்சிகளைப் பரீட்சித்தபொழுது, அவற்றின் உடலில் செலினியம் கூடியிருப்பது தெரிந்தது. எஞ்சிய செலினியம், உயிர்கள் எளிதில் உட்கொள்ளும் வேறு ரூபத்துக்கு மாறியிருந்ததே காரணம். 2018-ஆம் வருஷத்தில் அக்குறையைத் தீர்க்க மேலும் ஒரு சுத்திமுறை சேர்க்கப்பட்டது. ஜலக் கணக்கு மட்டும் வைத்திருந்தால் நிலையம் நன்கு வேலை செய்வதாகவே எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது, கழிவுக்கல்லிலிருந்து வரும் ஜலத்தில் கரைந்துள்ள சுண்ணாம்பு, ஓடையின் அடியில் சுக்கான் போல் படிந்து, சரளைக் கற்களை ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் செய்துவிடுகிறது. டிரவுட் மீனின் பெண், வாலால் சரளையைக் கிளறிக் குழி செய்து அதில் முட்டையிடும். சரளை காரை பூசினாற்போல் இறுகிய இடத்தில் அதற்குக் குழி செய்ய இயலாது. சுண்ணாம்பு விஷமன்று, ஆனால் முட்டையிடும் இடத்தை அது பறித்துவிடுகிறது. வாழிடத்தைத் தனியே கணக்கிடவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஃபோர்டிங் நதியின் மேற்பகுதியில் 2017-ஆம் வருஷக் கணக்கோடு 2019-ஆம் வருஷக் கணக்கை ஒப்பிட்டபொழுது, வளர்ந்த மீன்கள் 100-க்கு 93 வீதம் குறைந்திருந்தன. செலினியமே காரணம் என்று பலரும் முதலில் எண்ணுவது இயல்பு. காரணத்தை ஆராய அமைக்கப்பட்ட நிபுணர் குழு 2021-ஆம் வருஷத்தில் கண்டது வேறு. 2019-ஆம் வருஷத் தொடக்கத்தில் கடுங்குளிரும் பனிக்கட்டியும் மிகுந்திருந்தன. நதியில் ஜலவோட்டம் குறைந்திருந்தது. குளிர்காலத்தில் மீன் ஒதுங்கும் ஆழ்ந்த மடுக்கள் அருகியிருந்தன. அவ்விடங்களுக்கு மீன் சென்று சேரும் வழியும் தடைப்பட்டிருந்தது. இவை யாவும் ஒருங்கே கூடியதால் அழிவு நேர்ந்தது. குளிரைச் சுரங்கம் உண்டாக்கவில்லை. ஆனால் நெடுங்காலம் நடந்த சுரங்க வேலைகளால் நதியின் அமைப்பு மாறியிருந்தபடியால், மீன்களுக்குப் புகலிடம் குறைந்திருந்தது. நல்ல நிலத்துப் பயிர் தாங்கும் வறட்சியை மெலிந்த நிலத்துப் பயிர் தாங்காதது போன்றதே இது.

மீன் எண்ணிக்கை இல்லாவிடில் இவ்வழிவு வெளிப்பட்டே இராது. ஜலவோட்டம், ஆழம், குளிர் இவற்றின் குறிப்புக்கள் இல்லாவிடில் காரணம் விளங்கியிராது. மூன்று கணக்குகளையும் சேர்த்துப் படித்ததனாலேயே உண்மை தெரிந்தது. செலினியத்தால் நேரும் கேடும் அங்கே பொருட்படுத்தப்படாமல் விடப்படவில்லை. 2012-ஆம் வருஷத்தில் ஃபோர்டிங் நதியிலும் லைன் கிரீக்கிலும் கழிவுக்கல் ஜலம் சேர்ந்ததற்காக, அப்போது சுரங்கங்களை நடத்திய டெக் கம்பெனி, மீன்வளச் சட்டத்தின்படி 2021-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மொத்தம் 6 கோடி கானடா டாலர் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

கணக்கு வைக்கும் நெறிகள்

கானடாவில் உலோகச் சுரங்கங்களுக்கென்று 2002-ஆம் வருஷம் முதல் ஒரு விதி இருந்துவருகிறது. வெளியேற்றும் ஜலத்தைப் பரீட்சிப்பதோடு நில்லாமல், ஓடையிலுள்ள மீன்களையும் அடியில் வாழும் சிறு பிராணிகளையும் சுரங்கத்தார் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஆராய்ந்து காட்டவேண்டும். சுரங்க ஜலம் படாத இடத்து மீனோடு ஒப்பிடுகையில், மீனின் உடற்கட்டு 100-க்கு 10 பங்கோ, ஈரலின் எடையும் சினையின் எடையும் 100-க்கு 25 பங்கோ மாறியிருந்தால் அதைக் கருதத்தக்க மாறுதலாகக் கொள்வர். இத்தகைய முறைகளிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறிகள் நான்கு.

1. முன்கணக்கு. சுரங்கம் தொடங்கியபின் எடுக்கும் கணக்குக்கு ஒப்பிட ஆதாரம் இல்லை. மழை ஒரு வருஷம் போல் மறுவருஷம் பெய்யாத நம் நாட்டில், ஒரே வருஷத்து முன்கணக்கும் போதாது. இரண்டு மூன்று வருஷக் கணக்கேனும் இருத்தல் நலம். ஏற்கெனவே சுரங்கம் நடக்கும் ஊரில், இன்று எடுக்கும் கணக்கே நாளைக்கு முன்கணக்கு.

2. ஒப்பிடும் இடம். சுரங்க ஜலம் சேராத மேற்புறத்து இடத்தையோ, அதே மழையும் மண்ணும் உள்ள அயலூர் ஏரியையோ உடன்சேர்த்துக் கவனிக்கவேண்டும். இரண்டிடத்திலும் முன்பு வீச்சுக்கு 10 மீன் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அயலூர் ஏரியில் 7, நம் ஏரியில் 3. அயலூரிலும் 3 குறைந்திருப்பதால் அவ்வளவுக்கு வறட்சி முதலிய பொதுக் காரணம் இருக்கலாம்; மேற்கொண்டு குறைந்த 4-க்கே வேறு காரணம் தேடவேண்டும். இவ்வொப்பீடு இல்லாதவர் வறட்சியின் பழியைச் சுரங்கத்தின்மேலும், சுரங்கத்தின் பழியை வறட்சியின்மேலும் போட நேரிடும்.

3. மாறாத முறை. அதே மாதம், அதே நேரம், அதே இடம், அதே கண்ணியளவுள்ள வலை, அதே எண்ணிக்கை வீச்சு என்று இருக்கவேண்டும். ஒரு வருஷம் 10 வீச்சில் 80 மீனும், மறுவருஷம் 20 வீச்சில் 100 மீனும் கிடைத்தால், மொத்தம் கூடியதாகத் தோன்றும். உண்மையில் வீச்சுக்கு 8 ஆக இருந்தது 5 ஆகக் குறைந்திருக்கிறது.

4. எண்ணிக்கையோடு நிலையும். மீன்கள் எத்தனை என்பதுடன், எந்த நீளத்தின, எவ்வளவு எடையின, குஞ்சுகள் உண்டா என்பவற்றையும் எழுதவேண்டும்.

நம் ஏரிகளில் கவனிக்கும் முறை

ஜலம் நிறைந்திருக்கும் தை மாதத்தில் ஒருமுறையும், வற்றத் தொடங்கும் சித்திரையில் ஒருமுறையும் கணக்கெடுப்பது வசதியாகும். மீன்பாசிக் குத்தகைதாரரையும் மீன்வள இலாகா ஊழியரையும் முன்னதாகக் கலந்துகொள்ளவேண்டும். வரத்துக்கால் ஏரியில் சேரும் இடம், ஏரியின் நடு, மதகடி என மூன்று இடங்களைக் குறித்து, அவை அழியாதபடி கல் நட்டு அடையாளம் செய்துகொள்ளலாம்.

ஜலக் கணக்கு: அமிலத் தன்மையைக் காட்டும் காகிதம் சொற்ப விலைக்குக் கிடைக்கும்; அதை நனைத்து நிறத்தை ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். தெளிவை அறிய, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தால் போதும். உலோகம், செலினியம் முதலியவற்றுக்குப் பரிசோதனைச் சாலைக்கே அனுப்பவேண்டும். புட்டியையும் அதைக் கையாளும் விதத்தையும் அங்கிருந்தே முன்னதாகப் பெற்றுக்கொள்வது நலம். சுரங்கத்தில் வெட்டும் கல் எத்தன்மையது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குரிய பொருள்களைப் பெயர் குறித்துப் பரீட்சிக்கும்படி கேட்கவேண்டும். பொதுவாக "தண்ணீர் பரீட்சை" என்று எழுதினால் குடிதண்ணீருக்குரிய சில சாதாரணப் பரீட்சைகளே நடக்கக்கூடும்.

வாழிடக் கணக்கு: ஒவ்வோர் இடத்திலும் ஜலத்தின் ஆழம், அடி மணலா, சரளையா, சேறா என்பது, புதிதாகப் படிந்த வண்டலின் கனம், கரையோரப் பூண்டுகள், ஓடையிலுள்ள மடுக்களின் தொகை, வரத்துக்கால் ஓடும் நாட்கள் ஆகியவற்றை எழுதவேண்டும். கோல் ஒன்றில் அளவு குறித்து ஊன்றிப் பார்த்தால் வண்டலின் கனம் தெரியும். ஓடையில் பத்துக் கற்களைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிகளையும் பார்க்கவேண்டும். வாலில் இரண்டு மூன்று மயிரிழை போன்ற உறுப்புகளையுடைய பூச்சிகள் பலவகையாக இருந்தால் ஓடை பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளது. அவை மறைந்து, சேற்றிலுள்ள செந்நிறப் புழுக்கள் மட்டும் மிகுந்தால் ஆராயவேண்டிய குறி அது.

மீன் கணக்கு: இங்கேதான் நம் ஏரிகளில் ஏமாற்றத்துக்கு இடமுண்டு. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைகள் தேங்கிய ஏரி ஜலத்தில் சாதாரணமாக இனவிருத்தி செய்வதில்லை. குத்தகைதாரர் குஞ்சுகளை வாங்கி விட்டு வளர்க்கிறார். வெளியிலிருந்து வந்த குஞ்சு வளர்ந்து விற்பனையாகிறதென்றால், அந்த ஏரியில் முட்டை பொரிகிறதென்று ஆகாது. ஆகவே வருஷந்தோறும் குத்தகைத் தொகை குறையாதிருப்பதை ஏரியின் ஆரோக்கியத்துக்குச் சாட்சியாகக் கொள்ளலாகாது. ஜிலேபி மீன் எத்தகைய ஜலத்தையும் ஓரளவு தாங்கும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கவல்லவை. இவை இருப்பதும் போதிய சாட்சியன்று.

தாமாகவே ஏரியில் பெருகும் நாட்டு இனங்களாகிய சிறு கெண்டைகள், அயிரை, கெளுத்தி முதலியவற்றையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளவேண்டும். கரையோரப் பூண்டுகளின் இடையே நுண்கண்ணி வலையால் இத்தனை தடவை என்று வரையறுத்து அரித்து, குஞ்சுகளை எண்ணி உடனே ஜலத்தில் விட்டுவிடவேண்டும். விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரிவதைக் கிராமத்தில் அறியாதவர் இல்லை; அத்தகைய கூட்டங்கள் எத்தனை காணப்பட்டன என்பதும் நல்ல குறிப்பு. நூறு மீன்களில் முதுகு கோணியவை எத்தனை, செவுள் மூடி குறைந்தவை எத்தனை என்பதையும் எழுதவேண்டும்.

உடற்கட்டை அறியும் வழி எளிது. மீனின் எடையைக் கிராமில் எடுத்து 100-ஆல் பெருக்கி, நீளத்தைச் சென்டிமீட்டரில் மும்முறை பெருக்கிய தொகையால் வகுக்கவேண்டும். 20 சென்டிமீட்டர் நீளமும் 120 கிராம் எடையும் உள்ள மீனுக்கு விடை 1.5. அதே நீளமுள்ள மீன் 108 கிராமே இருந்தால் விடை 1.35, அதாவது 100-க்கு 10 பங்கு மெலிவு. ஓர் இனத்தில் முப்பது மீனாவது அளந்து சராசரி எடுத்தல் வேண்டும். ஓர் இனத்தின் எண்ணை மற்றோர் இனத்தோடு ஒப்பிடலாகாது.

மீன்கள் திடீரென மடிந்தால்

நேரத்தையும், மடிந்தவை பெரியவையா சிறியவையா என்பதையும் முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். மேகமூட்டமான நாட்களுக்குப்பின் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்து, பெரியவை முதலில் மடிந்தால், ஜலத்தில் பிராணவாயுக் குறைவே பெரும்பாலும் காரணம். எந்நேரமாயினும் சிறியவை முதலாக மடிந்தால் விஷம் என்று சந்தேகிக்க இடமுண்டு. அவ்விஷமும் சுரங்கத்திலிருந்தே வந்ததென்று துணிந்துவிடலாகாது. மேலே உள்ள வயல்களில் அன்று பூச்சிமருந்து தெளித்தவர் உண்டா என்பதையும் நேர்மையாக விசாரிக்கவேண்டும். செவுள் இன்னும் சிவந்திருக்கும் மீன்களை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து, அதே வேளையில் ஜலத்தையும் புட்டியில் எடுத்துக்கொள்ளவேண்டும். மறுநாள் எடுக்கும் ஜலத்தில் முந்தின நாள் விஷம் இராமற்போகலாம். அம்மீன்களை உண்பதையும் விற்பதையும் தடுப்பது ஊர்த் தலைவர்களின் கடமை.

கிராம உத்தியோகஸ்தர்கள் அறியவேண்டியவை

2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொது விசாரணைக்கு உட்பட்ட சுரங்கத் திட்டங்களுக்கு விசாரணை நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகைகளில் அறிவிப்பு வெளியிடவேண்டும். திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை கலெக்டர் ஆபீசு முதலிய இடங்களில் ஜனங்கள் பார்ப்பதற்கு வைக்கப்படும்; அதன் சுருக்கம் தமிழிலும் இருக்கவேண்டும். அச்சுருக்கத்தில் நம் ஏரியின் பெயர் இருக்கிறதா, மீன் இனங்களின் பட்டியல் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பார்த்தார்களா, வறண்ட காலத்தில் மட்டும் பார்த்தார்களா, ஒப்பிடும் இடம் எது என்று கேட்டுப் பதிவுசெய்ய அந்த 30 நாளே தருணம். அன்று ஊரார் கையில் சொந்தக் கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தால், அவர்கள் வார்த்தைக்கு வலிமை கூடும்.

அநுமதி பெற்ற திட்டத்தார், நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1-ஆம் தேதியும் டிசம்பர் 1-ஆம் தேதியும் அறிக்கையாகச் சமர்ப்பிக்கவேண்டும் என்பதும் அவ்வறிவிக்கையின் விதி. அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றைப் பெற்று, ஊர்க் கணக்கோடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறுபாடு கண்டால், தேதியும் இடமும் அளவும் குறித்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் எழுதலாம். "மீன் குறைந்துவிட்டது" என்ற முறையீட்டைக் காட்டிலும், "கலிங்கின் அருகில் தை மாதத்தில் பத்து அரிப்பில் 60 குஞ்சு கிடைத்து வந்தது, இவ்வருஷம் 9 கிடைத்தது, அயலூர் ஏரியில் மாறுதல் இல்லை" என்ற முறையீட்டை ஒதுக்குவது கடினம்.

இக்கணக்குக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தராசு, ஓர் அளவுகோல், ஒரு நுண்கண்ணி வலை, வருஷத்தில் இரண்டு நாள் வேலை இவையே தேவை. பள்ளிக்கூடத்து மேல்வகுப்புப் பிள்ளைகளை இதில் பழக்கினால் கணக்கு இடையறாது நடக்கும். புத்தகத்தைப் பஞ்சாயத்து ஆபீசில் வைத்து, ஒவ்வொரு முறையும் இருவர் கையெழுத்திடவேண்டும். மீன் பிடிபடாத முறையையும் "இல்லை" என்று தவறாமல் எழுதவேண்டும். எழுதாமல் விட்ட பக்கம் பின்னால் யாருக்கும் உதவாது.

பெலூஸ் ஏரியில் பெரிய மீன்கள் கடைசிவரை நீந்திக்கொண்டிருந்தன. கரையில் நின்று பார்த்தவருக்கு ஏரி நன்றாகவே தோன்றியிருக்கும். நம் ஏரியின் கரையில் நிற்பவர் வருகிற தை மாதம் முதல் பெரிய மீனை விட்டுக் குஞ்சைத் தேடுவாராக. கிடைத்ததையும் கிடைக்காததையும் அன்றே எழுதிவைப்பாராக.